மூணாவது சரணம்

மேடம், மொதல்லியே ஒண்ணு சொல்லிடறேன். இந்தப் பேய் பிசாசு, ஏவல் சூனியம், கனவுல சாமி வந்து சொல்லிச்சு, இதெல்லாம் நம்பற ஆளு நான் கெடையாது. திருஷ்டி சுத்தி முச்சந்தியில பூசணிக்காய் ஒடைப்பாங்க பாருங்க, ஒரு ஆயுத பூஜைக்கு எங்க தெருமுனையில அது சரியா ஒடையாம பாதிக் காயி அப்படியே நல்லா கெடந்துச்சு, நான் எடுத்துக்கினு வந்து கழுவி, குங்குமம் பட்ட எடத்தை மட்டும் சீவிப் போட்டுட்டு கூட்டு வச்சிட்டேன். எங்கப்பா ரெண்டாவது தடவை கேட்டு வாங்கித் துன்னாரு. ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட வரல. அப்படியாப்பட்டவ நான்.

அதனால இப்ப சொல்றதை நீங்க நம்பினா நம்புங்க, நம்பாட்டி சிரிச்சிட்டுப் போங்க, நான் கோச்சிக்கமாட்டேன். நீங்க கணக்கு படிச்சிட்டு வந்தவங்க, இங்க வேலைக்குச் சேந்து பத்து நாளுதான் ஆவுது. முந்தாநேத்து ரேடியோவுல வேற ஸ்டேஷன் வைக்கலாம்னு எழுந்து போனீங்க, ராஜேஸ்வரி அக்கா பசைக் கையோட ஓடியாந்து உங்க கையைப் புடிச்சிட்டாங்க, பாவம், நல்ல பொடவை. அந்தத் திருகு மேல எதுக்கு பிளாஸ்திரி ஒட்டி வச்சிருக்கீங்க, பன்னெண்டு வருஷமா ஒரே ஸ்டேஷனான்னு கேட்டீங்க இல்ல, அதுக்குத்தான் சொல்றேன். நீங்க பாட்டுக்கு சாப்பிட்டுக்கினே கேளுங்க.

இதே திண்டிவனம், இதே நோட்டு கம்பெனிதான். சுனாமி வந்த அடுத்த வருஷமோ அதுக்கும் அடுத்த வருஷமோ, எனக்கு இருபத்து மூணு வயசு. எங்கப்பா ஏகாம்பரம் தோ அந்தக் கட்டிங் மிஷின்ல இருந்தாரு. அதுக்கு நேர் எதிர்ல பின் அடிக்கிற மிஷின்ல கண்ணியப்பன் மாமா. நானும் ராஜேஸ்வரி அக்காவும் இந்த மூலையில அட்டைக்குப் பசை தடவற வேலை. தாளு எண்ற பொம்பளைங்கல்லாம் வெளி ஷெட்டுல. உள்ள நாங்க நாலே பேரு, நடுவுல ஆணியில தொங்கற ரேடியோ.

அப்ப இங்க கடியாரம் கெடையாது. இருந்துச்சு, முதலாளி கழட்டிட்டாரு. நாங்க வேலையைப் பாக்காம கடியாரத்தையே பாத்துக்கினு இருக்கோம்னு ஒரு நாளு ஸ்டூல் போட்டு ஏறி அவரே கழட்டி, கக்கத்துல இடுக்கிக்கினு வீட்டுக்குப் போயிட்டாரு. அவரு ஒண்ணு நெனைச்சாரு, ஆனா பாண்டிச்சேரி பக்கத்துலேர்ந்து வர்ற அந்த எஃப்எம்காரன் எங்களுக்கு வேற கடியாரம் குடுத்துட்டான். காலையில ஒரு பொண்ணு தேன் ஊத்தினாப்புல வணக்கம் சொல்லும், அதோட சரி, அப்பால சாயங்காலம் வரைக்கும் பழைய பாட்டு, விளம்பரம், பழைய பாட்டு, விளம்பரம். அதே பாட்டு மேடம். அதே வரிசை. நேத்து எந்தப் பாட்டுக்கு அப்பறம் எந்தப் பாட்டோ இன்னிக்கும் அதேதான், அந்த வருஷம் அப்படி, அடுத்த வருஷமும் அப்படி. அவங்ககிட்ட இருந்ததே முப்பது பாட்டுதான் போலக்குது. எங்களுக்கு டீ வர்ற பாட்டுன்னு ஒண்ணு, சோத்துப் பாட்டுன்னு ஒண்ணு, முதலாளி வர்ற பாட்டுன்னு ஒண்ணு. அந்தப் பாட்டு ஆரம்பிச்சா ராஜேஸ்வரி அக்கா வாயில இருக்கற வெத்தலையைத் துப்பிட்டு வந்து ஒக்காந்துக்கும். பசை தடவின நோட்டைப் பலகைக்கு அடியில வச்சு திருகி இறுக்கினா அஞ்சு பாட்டு காயணும், ஆறாவது பாட்டுல எடுக்கணும். நிமிஷக் கணக்கே எங்களுக்கு மறந்துபோச்சு.

ஒரு நாளு அந்த ஸ்டேஷன்ல என்னா கோளாறோ, சோத்துப் பாட்டைக் காலையில பத்தரைக்கே போட்டுட்டாங்க. நாங்க யாருமே யோசிக்கல, கை கழுவிட்டு டிபன் பாக்ஸைத் தொறந்து ஒக்காந்துட்டோம். வெளி ஷெட்டுல பதினாலு பொம்பளைங்களும் ஒக்காந்துட்டாங்க. முதலாளி வந்து பாத்தா மொத்த கம்பெனியும் சோறு துன்னுக்கினு இருக்கு. மனுஷன் தன்னோட வாட்சைக் காதுல வச்சுப் பாத்தாரு. வாட்சுதான் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சிட்டு அவரும் சாப்பிடப் போயிட்டாரு, சத்தியமா.

சரி, விஷயத்துக்கு வர்றேன். மத்தியானம் மூணு மணி வாக்குல ஒரு பாட்டு வரும். என்னா படம்னு யாருக்கும் தெரியாது, அந்தப் படம் ஓடுச்சா பொட்டியிலியே இருந்துச்சான்னுகூடத் தெரியாது. ஒரு பொம்பளை மட்டும் பாடுவா, நல்ல கனமான கொரலு. இப்படி ஆரம்பிக்கும்:

வாசல் திறந்து வைத்தேன் — உன்
வருகையை எண்ணி இங்கே
விளக்கை அணைத்துவிட்டேன் — உன்
விழி வந்து சேருமுன்னே

அப்பறம் ரெண்டு சரணம். மொத சரணத்துல நெலா, ரெண்டாவதுல மல்லிப்பூ. ரெண்டுலயும் அவ வெளக்கை ஏன் அணைச்சான்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டா. அவ்ளோதான், பாட்டு முடிஞ்சு பினாயில் விளம்பரம் வந்துடும். ஒரு தடவை ரெண்டு தடவை கேட்டா ஒண்ணும் தோணாது மேடம். தெனம் கேட்டுப் பாருங்க, வருஷக்கணக்கா கேட்டுப் பாருங்க, மண்டைக்குள்ள பூந்துடும். வரப்போறவனுக்குக் கதவைத் தொறந்து வச்சவ, அவன் வர்றதுக்கு முன்னாடி எதுக்கு வெளக்கை அணைக்கணும்? அவன் நெலைப்படியில முட்டிக்கினா யாரு பொறுப்பு?

ராஜேஸ்வரி அக்காவுக்கு சந்தேகமே இல்ல, ஈசல்னு சொல்லிட்டாங்க. மழைக்காலத்துல கதவைத் தொறந்து வச்சு வெளக்கும் எரிஞ்சா வீடு பூரா ஈசல் வந்து சோத்துல விழும், அதான் அணைச்சிட்டாளாம். எங்கப்பா அப்படி இல்ல, அவரு எதையும் சந்தேகத்தோடதான் பாப்பாரு. "இவ நல்லவ கெடையாது, ஊரு கண்ணுல படாம எவனையோ வரச் சொல்லியிருக்கா, அதான் இருட்டு"ம்பாரு. கண்ணியப்பன் மாமாவுக்கு அதைக் கேட்டா பத்திக்கினு வரும். "யோவ், அவ மானஸ்தியா. வீட்டுல ஒண்ணும் இல்ல, பானை காலி, அதை வர்றவன் பாத்துடக்கூடாதுன்னு அணைக்கிறா, அவ கஷ்டம் உனக்கெங்க புரியப்போவுது"ம்பாரு. மூணு வருஷம் இதே பேச்சு. பாட்டு வந்தா ரெண்டு பேரும் மிஷினை நிறுத்திடுவாங்க. பாட்டு முடிஞ்சதும் பினாயில் விளம்பரத்துக்கு மேல கத்துவாங்க. ஒருத்தர ஒருத்தர் புடிக்காம இல்ல, உயிருக்கு உயிரு, ஒரே பீடியைப் பாதி பாதி குடிப்பாங்க. ஆனா வெளக்குன்னு வந்துட்டா விடமாட்டாங்க.

அந்த சிநேகத்துலதான் சம்பந்தம் பேசினாங்க. மாமாவோட பையன் வேலு விழுப்புரத்துல லேத்து பட்டறையில வேலை செய்துக்கினு இருந்தாரு, ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வருவாரு. மயிலம் கோயில்ல வச்சுப் பொண்ணு பாத்தாங்க. என்னமோ புதுசா பாக்கற மாதிரி எங்கப்பாவும் மாமாவும் கும்புடு போட்டுக்கினு நின்னாங்க, எனக்கு சிரிப்பை அடக்க முடியல. அவரு படியில எறங்கசொல்ல என் செருப்பை எடுத்து நேரா திருப்பி வச்சாரு, யாரும் பாக்கலன்னு நெனைச்சிட்டு. எனக்கு அங்கியே முடிஞ்சுபோச்சு மேடம், இவருதான், வேற யாரும் வேணாம்னு. பூ வச்சிட்டாங்க. ஆவணி மாசம் மொத முகூர்த்தத்துல நிச்சயம்னு பேசிட்டாங்க. அப்பாவும் மாமாவும் மிஷினுக்கு மிஷின் சம்பந்தி சம்பந்தின்னு கூப்புட்டுக்கினு ஒரே அலம்பலு.

நிச்சயத்துக்கு மூணு வாரம் இருக்கசொல்ல ஒரு செவ்வாய்க்கெழமை, அந்தப் பாட்டு வந்துச்சு. முடிஞ்சுது. எங்கப்பாவுக்கு அன்னிக்குக் காலையிலேர்ந்து கட்டிங் பிளேடு மழுங்கி ஒரே எரிச்சலு. அந்த எரிச்சலை அந்தப் பொம்பளை மேல காட்டினாரு. "வெளக்கை அணைச்சிட்டு ஆம்பளைக்குக் கதவைத் தொறந்து வைக்கிறவ என்னாத்துல சேத்தி சம்பந்தி? குடும்பத்துப் பொம்பளை செய்ற வேலையா அது?"

மாமா எப்பவும் போல கத்தல. மெதுவா சொன்னாரு. "எங்கம்மா செஞ்சிருக்குது ஏகாம்பரம். ராத்திரியில யாருனா ஒறம்பறை வந்துட்டா கேப்பைக் களி அவங்களுக்குத்தான் சரியா இருக்கும். எங்கம்மா கொசு வருதுன்னு வெளக்கை அணைச்சிட்டு, வெறும் தட்டை வச்சிக்கினு துன்ற மாதிரி சத்தம் பண்ணிக்கினு ஒக்காந்திருக்கும். எனக்கு வெவரம் தெரியசொல்லதான் அது வெறும் தட்டுன்னு கண்டுபுடிச்சேன்."

எங்கப்பா அதோட விட்டிருக்கலாம். அந்த நாக்கு இருக்கே, அது சும்மா இருக்காம, "அப்ப உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குப் பழக்கம்தான்னு சொல்லு"ன்னுடுச்சு. விளையாட்டுக்குத்தான். சொன்ன அந்த செகண்டுலியே அவரு மூஞ்சி செத்துப்போச்சு, நான் பாத்தேன். ஆனா வார்த்தை போய்ச் சேந்துடுச்சு. மாமா மிஷின் சுவிட்சை அணைச்சாரு, துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு, "ஏகாம்பரம், உன் பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கோ"ன்னாரு. அவ்ளோதான். மூணு வருஷமா விளையாட்டாப் பேசின ஒரு பாட்டு, அன்னிக்கு என் கல்யாணத்தை நிறுத்திடுச்சு.

அதுக்கு அப்பறம் ஒம்போது நாளு. அந்த ஒம்போது நாளு என்னா பேஜாருன்னு கேக்காதீங்க. எதிரும் புதிருமா பத்தடி தூரத்துல ரெண்டு பேரும், பேச்சு மட்டும் ராஜேஸ்வரி அக்கா வழியா. "அக்கா, பின்னு கோணலா வருதுன்னு அந்தாளுகிட்ட சொல்லு." "அக்கா, தாளுக் கட்டைக் கோணலா வெட்டிட்டு என்னை சொல்லவேணாம்னு அந்தாளுகிட்ட சொல்லு." அக்கா பாவம் ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பி சாயங்காலம் கழுத்துக்குத் தைலம் போடும். இதுல வேடிக்கை என்னன்னா, அந்தப் பாட்டு வந்தா மட்டும் ரெண்டு பேரும் மிஷினை நிறுத்திடறாங்க. ஒருத்தர் செவுத்தைப் பாத்துக்கினு, ஒருத்தர் கூரையைப் பாத்துக்கினு முழுசாக் கேப்பாங்க. பினாயில் விளம்பரம் வந்ததும் மிஷினைப் போட்டுடுவாங்க. அப்பா மன்னிப்பு கேக்க ரெண்டு மூணு தடவை எழுந்தாரு, பாதி வழியில தண்ணி குடிக்கற மாதிரி பானைப் பக்கம் திரும்பிட்டாரு. அந்த ஒம்போது நாளும் அவரு குடிச்ச தண்ணிக்கு அளவே இல்ல.

வேலு பக்கத்து வீட்டுப் போனுக்குக் கூப்புட்டாரு. ஓடிப்போய் எடுத்தேன். "எங்கப்பா பிடிவாதமா இருக்காரு சுமதி, பாட்டிய சொல்லிட்டாங்கன்றாரு, நான் எவ்ளோ சொன்னாலும் கேக்கல"ன்னாரு. அழற கொரலு. எனக்கும் அழுகை வந்துச்சு. அப்பறம் இந்த மனுஷன் கேக்கறாரு, "சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்கறேன், நீ என்னா நெனைக்கிற, அவ எதுக்கு வெளக்கை அணைச்சா?" நான் போனை டமால்னு வச்சிட்டேன். பக்கத்து வீட்டம்மா போனு ஒடைஞ்சிடுச்சான்னு எடுத்துப் பாத்தாங்க.

ஒம்போதாவது நாளு வியாழக்கெழமை. சோத்துப் பாட்டு முடிஞ்சு கொஞ்ச நேரத்துல அக்கா என் காதுகிட்ட வந்து சொன்னாங்க, நாளைக்கு வல்லத்துக்குப் போறாங்களாம், வேலுவுக்கு அங்க ஒரு பொண்ணு சொல்லியிருக்காங்களாம், மாமா லீவு சொல்லிட்டாராம். நான் சரிக்கான்னு சொல்லிட்டு பசையைத் தடவினேன். தடவசொல்ல அட்டை மேல சொட்டு சொட்டா விழுது. பசை இல்ல, கண்ணுதான். அப்பா பாத்தா ஒடைஞ்சிடுவாரு, மாமா பாத்தா என்னா நெனைப்பாரோ, இவங்க ரெண்டு பேருக்கும் முன்னாடி நான் அழுது காட்டணுமா, அந்த மானக்கேடு வேறயான்னு இருந்துச்சு. என் தலைக்கு மேல ஒரு டியூப்லைட்டு, சுவிட்ச்சு கைக்கு எட்டும். கண்ணு எரியுதுக்கான்னு சொல்லிட்டு அணைச்சிட்டேன். இந்த மூலையில சன்னல் கெடையாது, பாருங்க, பட்டப்பகல்லயும் லைட்டு இல்லன்னா மூஞ்சி தெரியாது. இருட்டுல நிம்மதியா அழுதேன்.

அப்பதான் அந்தப் பாட்டு வந்துச்சு. மிஷின் ரெண்டும் நின்னுச்சு. நெலா வந்துச்சு, மல்லிப்பூ வந்துச்சு, பல்லவியை ஒரு தடவை திருப்பிப் பாடினா, முடிஞ்சுது. அப்பா கை மிஷின் மேல போயிடுச்சு. பினாயில் விளம்பரம் வரணும், வரல. புல்லாங்கொழலு ஒண்ணு வந்துச்சு மேடம். அதுக்கு முன்னாடி அந்தப் பாட்டுல நாங்க கேட்டதே இல்ல. அப்பா கை அப்படியே நின்னுச்சு. அதே பொம்பளை, அதே கொரலு, ஆனா ரேடியோவுக்கு ரொம்பக் கிட்ட வந்து பாடற மாதிரி பாடினா:

காத்துக் கிடந்த விழிகள் — வெறும்
கண்ணீர் நிறைந்த குளங்கள்
அழுத முகத்தை நீ பார்த்தால் — உன்
அடிகள் தயங்கும் என்றே
விளக்கை அணைத்துவிட்டேன் — உன்
விழி வந்து சேருமுன்னே

அதோட நின்னுச்சு. அப்பறம்தான் பினாயிலு.

பசைப் பிரஷ்ஷு கையில அப்படியே நிக்குது. எங்கப்பா மொதல்ல ரேடியோவைப் பாத்தாரு, அப்பறம் மெதுவா இந்த மூலையைப் பாத்தாரு. மாமாவும் திரும்பினாரு. நான் அழுகையை அடக்கலாம்னு மூக்கை உறிஞ்சினேன், அது கம்பெனி முழுக்கக் கேட்டுச்சு.

"ஏம்மா லைட்டை அணைச்சிருக்க?"ன்னு அப்பா கேட்டாரு. நான் என்னான்னு சொல்லுவேன், அதான் இப்ப அவ சொல்லிட்டாளே.

மாமாதான் எழுந்து வந்தாரு. சுவிட்சைப் போட்டாரு. டியூப்லைட்டு உடனே எரியாம நாலு தடவை வெட்டி வெட்டி எரிஞ்சுது, அந்த நாலு வெட்டும் நான் மூஞ்சியை எங்க வச்சிக்கறதுன்னு தெரியாம இருந்தேன். என்னை நல்லாப் பாத்தாரு. திரும்பிப் போயி, ஒம்போது நாளு கழிச்சு மொத தடவையா நேரா எங்கப்பாகிட்ட பேசினாரு. "ஏகாம்பரம், நீயும் தப்பு நானும் தப்புய்யா. மூணு வருஷமா ரெண்டு கெழட்டுப் பசங்க ஒரு பொண்ணு அழுததைக் கண்டுபுடிக்கல."

அப்பா இந்தத் தடவை பானைப் பக்கம் போகல. "உங்கம்மாவைச் சொன்னதுக்கு என்னை செருப்பால அடிச்சிடு கண்ணியப்பா"ன்னு சொல்லி அவரு கையை ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினாரு. ரெண்டு பேரும் தேம்பித் தேம்பி அழுவறாங்க, நான் ஒரு பக்கம் அழுவறேன். ராஜேஸ்வரி அக்கா எல்லாரையும் பாத்துட்டு, "அப்ப ஈசல் இல்லியா?"ன்னாங்க. அவங்களுக்கு இன்னிக்கும் அந்த வருத்தம் இருக்கு, வேணும்னா கேட்டுப் பாருங்க.

வல்லம் போகல. ஆவணியில நிச்சயம் ஆச்சு, தையில கல்யாணம் ஆச்சு. அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. தெரியாத கதை என்னன்னா, மறுநாளு அந்தப் பாட்டு வந்துச்சு, ரெண்டே சரணம், பினாயிலு. அதுக்கு மறுநாளும் அப்படியே. மாமா எதிர்த்தாப்புல டீக்கடைக்குப் போயி கேட்டாரு. அங்கயும் இதே ஸ்டேஷன்தான், டீ மாஸ்டருக்கு அது வடை போடற பாட்டு, அந்தப் பாட்டு முடிஞ்சா வடையைத் திருப்புவாரு. வியாழக்கெழமை பாட்டு நீளமா வந்துச்சான்னு மாமா கேட்டதுக்கு, "நீளமா வந்திருந்தா வடை தீஞ்சிருக்குமே, தீயலியே"ன்னுட்டாரு. அதுக்கு மேல சாட்சி வேணுமா? அந்த எஃப்எம் ஆபீஸுக்கே போன் போட்டோம். தேன் ஊத்தற அதே பொண்ணுதான் எடுத்துச்சு, எங்ககிட்ட இருக்கற பாட்டுல ரெண்டு சரணம்தான் சார் இருக்குதுன்னு சொல்லிட்டு, மாமா இன்னும் ரெண்டு தடவை கேக்கவும் வச்சிடுச்சு. வேலு விழுப்புரத்துல கேசட்டு கடை ஒண்ணு விடல. அப்பறம் செல்போனு வந்துச்சு, நெட்டு வந்துச்சு, எங்க பாத்தாலும் ரெண்டே சரணம். புல்லாங்கொழலே கெடையாது.

நாங்களே ஒருவேளை ஏதோ கற்பனை பண்ணிக்கினோமோன்னு மாமாவுக்கு ஒரு யோசனை வந்துச்சு. எங்க நாலு பேரையும் நாலு மூலையில ஒக்கார வச்சாரு, தாளு குடுத்தாரு, இங்க தாளுக்கா பஞ்சம், யாரும் பேசாம ஞாபகம் இருக்கறதை எழுதுங்கன்னாரு. அக்காவுக்கு எழுத வராது, அவங்க வெளிய போயி முதலாளி காதுல சொன்னாங்க, அவரு எழுதினாரு. நாலு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தோம். ஆறு வரி, ஒரு வார்த்தை மாறல. முதலாளி நேரா வீட்டுக்குப் போயி கடியாரத்தை எடுத்துக்கினு வந்து பழைய ஆணியிலியே மாட்டிட்டாரு. மாமா அன்னிக்குத்தான் திருகு மேல பிளாஸ்திரி ஒட்டினாரு, என்னிக்காவது திரும்ப வரும்னு. எங்கப்பா போயி நாலு வருஷம் ஆவுது, கடைசி வரைக்கும் மூணு மணிக்கு மிஷினை நிறுத்திட்டுக் காத்திருந்தாரு. வரல.

இது வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். இனிமே சொல்லப்போறது வேலுவுக்குக்கூடத் தெரியாது.

அன்னிக்கு அந்தப் பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ரேடியோவுல அந்தத் தேன் ஊத்தற பொண்ணு பேசுச்சு. அது எப்பவும் அந்த நேரத்துல பேசாது. மிஷின் ரெண்டும் ஓடிக்கினு இருந்ததால அவங்க காதுல விழல, அக்கா பசை வாளியோட வெளிய போயிருந்தாங்க, பாட்டு ஆரம்பிக்கசொல்லதான் உள்ள வந்தாங்க, நான் மட்டும் கேட்டேன். இந்தப் பாட்டை விரும்பிக் கேட்டவங்கன்னு பேரு படிச்சுது. திண்டிவனத்துலேர்ந்து சுமதி, வேலு, கயல்விழி, இன்பராஜ். நாலு பேரு. எனக்கு அப்ப இன்னும் அழுகைதான் வந்துச்சு, பாரேன், எவளோ ஒரு சுமதிக்கு ஒரு வேலு கெடைச்சு, குடும்பமா ஒக்காந்து பாட்டு கேக்கறாங்க, நமக்குக் குடுத்து வைக்கலன்னு.

கல்யாணம் ஆகி ரெண்டாவது வருஷம் பொண்ணு பொறந்துச்சு. பேரு வைக்கறது எங்க நாத்தனார் வேலை, அவங்க என்னா வைக்கப்போறாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல. புள்ளை காதுல மூணு தடவை சொல்லிட்டு நிமிந்தாங்க. கயல்விழின்னாங்க. நான் பாலாடையைக் கீழ போட்டுட்டேன். அடுத்து பையன்தான், இன்பராஜ்தான்னு நான் மனசுக்குள்ளியே முடிவு பண்ணிட்டேன், சின்ன சட்டைகூட ரெண்டு எடுத்து வச்சேன். ஆனா அடுத்தது தங்கல மேடம். அதுக்கு அடுத்ததும் தங்கல. போன வருஷம் கர்ப்பப்பையையே எடுத்துட்டாங்க. ஆஸ்பத்திரியில படுத்துக்கினு எனக்கு வலியைவிட அந்தக் கேள்விதான் பெருசா இருந்துச்சு, அப்ப இன்பராஜ் யாரு? கணக்கு எங்க தப்பா போச்சு? சரி, மூணு பேரு சரியா வந்ததே பெருசு, நாலாவது பேரு வேற யாரோன்னு மனசைத் தேத்திக்கினு விட்டுட்டேன்.

நேத்து சாயங்காலம் நீங்க வீட்டுக்குக் கெளம்பசொல்ல உங்க பையனுக்கு ஆறு நோட்டு வேணும்னு கேட்டீங்க. லேபிளு ஒட்டிப் பேரு எழுதியே தர்றேன், என் கையெழுத்து நல்லாருக்கும், பேரு சொல்லுங்கன்னேன். நீங்க சொன்னீங்க. நான் காதுல விழாத மாதிரி இன்னொரு தடவை கேட்டேன், அப்பயும் அதையேதான் சொன்னீங்க. தோ, ஆறு நோட்டும் இங்கதான் இருக்கு, எண்ணிக்கோங்க. லேபிளு ஒட்டிட்டேன், பேரு மட்டும் எழுதல, பேனாவைத் தொறந்து தொறந்து மூடினதுதான் மிச்சம், நீங்களே எழுதிக்கோங்க மேடம். அட, என்னா இப்படி முழிக்கறீங்க, சோறு ஆறிப்போவுது, சாப்பிடுங்க. புள்ளைங்க படிக்கட்டும், நல்லா படிக்கட்டும், இப்ப எதுக்கு சம்பந்தப் பேச்சு. எங்க கயலு அஞ்சாவது. உங்க இன்பராஜ் எத்தினியாவதுன்னு சொன்னீங்க?